514-ஆம் தலைப்பு

1852-ஆம் ஆண்டு லண்டனில் லாங்மன் பதிப்பகம் ஒரு புத்தகத்தை வெளியிட்டது. அதில் கதை இல்லை, கட்டுரை இல்லை, அகராதியைப் போல அர்த்தமும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் வெறும் சொற்கள். அவை ஆயிரம் தலைப்புகளின் கீழ் அடுக்கப்பட்டிருந்தன. முதல் தலைப்பு 'இருத்தல்'. ஆயிரமாவது தலைப்பு 'கோயில்'. மனிதனுக்குச் சொல்லத் தோன்றுவது எதுவானாலும் இந்த இரண்டுக்கும் நடுவே எங்காவது அதற்கு இடம் உண்டு என்பது தொகுத்தவரின் நம்பிக்கை. அவர் பீட்டர் மார்க் ரோஜே. தொழிலால் மருத்துவர். புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு வயது 73.

'தெசாரஸ்' என்று உலகம் முழுக்க அறியப்பட்ட அந்தப் புத்தகத்தின் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அதிலுள்ள ஒரே ஒரு தலைப்பின் பின்னால் போக விரும்புகிறேன். 514-ஆவது தலைப்பு. 'ஊகம்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஒரு விஷயத்தைப் பற்றி மனிதன் முதன்முதலில் 'இப்படி இருக்குமோ' என்று நினைப்பதிலிருந்து, அதை ஒரு கோட்பாடாகக் கட்டி நிறுத்துவது வரைக்குமான ஆங்கிலச் சொற்கள் அங்கே ஒரே பத்தியில் இருக்கின்றன. குத்துமதிப்பான கணிப்பு, ஐயப்பாடு, எடுகோள், கருதுகோள், கோட்பாடு எல்லாம் ஒரே கூரையின் கீழ். அடுத்த தலைப்பு 515: கற்பனை. வாழ்நாளெல்லாம் அறிவியலில் கழித்த ஒருவர், கோட்பாட்டைத் தர்க்கத்தின் தெருவில் குடிவைக்காமல் கற்பனைக்குப் பக்கத்து வீட்டில் குடிவைத்திருக்கிறார். அது தெரியாமல் நடந்த காரியம் இல்லை என்பதுதான் என் எண்ணம்.

ரோஜே 1779 ஜனவரி 18-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை ஜெனீவாவிலிருந்து வந்த பாதிரியார். மகனுக்கு நான்கு வயதிருக்கும்போதே காசநோயில் இறந்துபோனார். தாய்வழிக் குடும்பத்தில் மனநோய் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தது. தாய்மாமன் சாமுவேல் ரோமிலி இங்கிலாந்தின் கொடிய தண்டனைச் சட்டங்களை எதிர்த்துப் போராடிய பெரிய வழக்கறிஞர். மனைவி இறந்த துக்கம் தாங்காமல் 1818-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவருக்கு மருத்துவம் பார்த்துவந்தவர் ரோஜேதான். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை சிறுவயதிலேயே நோட்டுப் புத்தகத்தில் சொற்களை வகைபிரித்துப் பட்டியலிடத் தொடங்கியதற்கு வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் மனவியல் காரணம் சொல்கிறார்கள்: கலங்கிக் கிடந்த வீட்டில் அந்தப் பையனுக்கு ஒழுங்கு கிடைத்த ஒரே இடம் பட்டியல். இருக்கலாம். அதுவே ஓர் ஊகம், 514-இல் சேர வேண்டியது.

எடின்பரோவில் 19 வயதில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1802-இல் மான்செஸ்டர் பருத்தி ஆலை முதலாளி ஒருவரின் இரண்டு மகன்களுக்கு ஆசிரியராக ஐரோப்பியப் பயணம் போனார். மறு ஆண்டு இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் மறுபடி போர் மூண்டது. பிரெஞ்சு மண்ணில் இருந்த ஆங்கிலேயர்களைப் பிடித்துவைக்க நெப்போலியன் உத்தரவிட்டான். ஜெனீவா அப்போது பிரான்சோடு சேர்க்கப்பட்டிருந்தது. தன் தந்தை ஜெனீவாக்காரர் என்பதை ஆவணத்தோடு நிரூபித்து ரோஜே தப்பினார். ஊர் திரும்பி 1804-இல் மான்செஸ்டர் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் நோயாளிகள், மற்ற நேரத்தில் சொற்கள். 1805-இல் அந்தப் பட்டியல் சிறிய அளவில் ஒரு முழு வடிவத்துக்கு வந்துவிட்டது. தன் எழுத்துக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் அதைச் செய்தார். பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது அவர் மேசையோடு நின்றுவிட்டது. ஏதாவது எழுத உட்காரும்போது எடுத்துப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அந்த நாற்பது ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்பதைப் பார்த்தால் 514-ஆம் தலைப்பு ஏன் அங்கே இருக்கிறது என்பது புரிகிறது.

1814-இல் மடக்கையின் மடக்கையைக் கோடுகளாக வரைந்து ஒரு புதிய கணக்கீட்டுச் சறுக்கு அளவுகோலை வடிவமைத்தார். எந்த எண்ணின் எந்த அடுக்கையும் மூலத்தையும் அதை நகர்த்தியே கண்டுபிடித்துவிடலாம். மறு ஆண்டு ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1824-இல் எழுதிய இன்னொரு கட்டுரை இன்னும் சுவையானது. செங்குத்துக் கம்பிகளின் இடைவெளி வழியாக, உருண்டுபோகும் ஒரு வண்டிச் சக்கரத்தைப் பார்த்தால் ஆரக்கால்கள் நேராகத் தெரிவதில்லை; வளைந்து தெரிகின்றன. மேலும் கீழும் செங்குத்தாக நிற்கும் ஆரக்கால்கள் மட்டும் நேராக இருக்கும். இரு பக்கமும் உள்ளவை கீழ்நோக்கிப் புடைத்த வளைவுகளாகத் தோன்றும். சக்கரம் உருண்டு முன்னே போவதாகத் தெரியும், ஆனால் ஆரக்கால்கள் சுற்றுவதாகவே தெரியாது.

இதைப் பார்த்தவர்கள் ரோஜேக்கு முன்னும் இருந்திருப்பார்கள். அவர் செய்தது வேறு. ஒவ்வொரு இடைவெளியும் ஆரக்காலின் ஒரு சிறு துண்டை மட்டும்தான் ஒரு கணத்தில் காட்டுகிறது. அடுத்த கணத்தில் வேறொரு துண்டு. கண்ணில் விழுந்த ஒளியின் சுவடு உடனே மறையாமல் ஒரு நொடிப்பொழுது நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தத் துண்டுகளெல்லாம் சேர்ந்து ஒரே கோடாகத் தெரிய வேண்டும். அந்தக் கோடு வளைவாகத்தான் இருக்க வேண்டும். 'என்று வைத்துக்கொண்டால்' என்பதுதான் இங்கே உயிர். அதன் பிறகு அவர் கணிதத்தால் வளைவுகளை வரைந்து காட்டி, கண்ணால் கண்டதும் காகிதத்தில் வந்ததும் ஒன்றாக இருப்பதை நிறுவினார். பெல்ஜியத்தில் ஜோசப் பிளாட்டோவும் லண்டனில் மைக்கேல் ஃபாரடேயும் இதே வகைக் காட்சி மயக்கங்களை அடுத்த சில ஆண்டுகளில் எடுத்துக்கொண்டார்கள். அசையும் படங்களின் வரலாற்றில் ரோஜேயின் பெயர் வருவது இதனால்தான்.

ஒரு கணிப்பு முதலில் மனதில் படமாகத் தோன்றியது. பிறகு எடுகோளானது, பிறகு விளக்கமானது. அந்தப் பாதையில் நடந்தவர் அவர். கோட்பாட்டைக் கற்பனையோடு சேர்த்து வைத்ததை மொழி ஆர்வலர் ஒருவரின் விளையாட்டாக நான் எடுத்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம்.

1827 முதல் 1848 வரை ராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்தார். விலகும்போது வயது 69. அந்த வயதில்தான் பழைய பட்டியலை மறுபடி எடுத்து, மூன்று நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து, புத்தகமாக்கினார்.

புத்தகத்தின் உள்ளே போவோம். ஆயிரம் தலைப்புகளும் ஆறு வகுப்புகளில் அடங்குகின்றன: அருவமான உறவுகள், வெளி, பருப்பொருள், அறிவு, விருப்பாற்றல், உணர்வுகள். நான்காவதான அறிவு வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. எண்ணங்கள் உருவாவது ஒன்று, எண்ணங்களைப் பிறருக்குச் சொல்வது மற்றொன்று. எண்ணங்கள் உருவாகும் பகுதி 450-ஆம் தலைப்பில் தொடங்கி 515-இல் முடிகிறது. இந்த 66 தலைப்புகளை வரிசையாக வாசித்தால், ஒரு மனம் வேலை செய்வதை எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும்.

முதலில் அறிவு, சிந்தனை, எண்ணம். அடுத்து, சிந்தனைக்கு முன் நடக்க வேண்டியவை: ஆவல், கவனம், விசாரணை, சோதித்துப் பார்த்தல், ஒப்பிடல், வேறுபடுத்தல், அளத்தல். பிறகு வாதத்துக்கு வேண்டிய சரக்கு: சான்று, எதிர்ச் சான்று. சான்றின் அளவுக்கேற்ப இயலும், இயலாது, நடக்கலாம், நடக்காது, உறுதி, உறுதியின்மை. அதன்பின் தர்க்கம், நிரூபணம், மறுப்பு. தர்க்கத்தின் முடிவில் கிடைப்பவை: தீர்ப்பு, கண்டுபிடிப்பு, நம்பிக்கை, அறிவு, அறியாமை, உண்மை, பிழை. பிறகு எண்ணம் காலத்தில் நீள்கிறது: பின்னால் போனால் நினைவும் மறதியும், முன்னால் போனால் எதிர்பார்ப்பும் முன்னறிவும் சகுனமும். எல்லாம் முடிந்த பிறகு, 'படைக்கும் எண்ணம்' என்ற தனிப் பிரிவு. அதில் இருப்பவை இரண்டே இரண்டு தலைப்புகள், 514-உம் 515-உம். ஊகம், கற்பனை. 516-ஆம் தலைப்பு 'பொருள்'. அங்கே எண்ணத்தைச் சொல்லும் பகுதி தொடங்கிவிடுகிறது.

இந்த வரிசையை நான் பெரிதாக நினைக்கிறேன். சோதனையும் சான்றும் தர்க்கமும் நினைவும் முன்னறிவும் கடந்த பிறகுதான் கோட்பாடு வருகிறது. அதன் வேலை இருப்பதைக் கணக்கெடுப்பதில்லை, இல்லாத ஒன்றை உண்டாக்குவது. அதுமட்டுமில்லை, முதல் பதிப்பின் பக்கங்களில் எதிர்ச்சொற்கள் எதிரெதிர்ப் பத்திகளில் நிற்கின்றன. நம்பிக்கை இடது பக்கம் என்றால் ஐயம் வலது பக்கம். அறிவுக்கு எதிரே அறியாமை, உண்மைக்கு எதிரே பிழை, ஞானிக்கு எதிரே மூடன். எழுதுகிறவன் தான் நினைப்பது எதுவாக இல்லை என்பதையும் அதே பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஊகத்துக்கும் கற்பனைக்கும் எதிர்ப் பத்தி கிடையாது.

தனக்கு முன்னால் இந்த வழியில் போனவர்களை ரோஜே மறைக்கவில்லை. தன் முன்னுரைப் பகுதியில் சிலரைக் குறிப்பிடுகிறார். 1668-இல் ஜான் வில்கின்ஸ் என்ற பேராயர் உலகத்துப் பொருட்களையெல்லாம் வகைபிரித்து ஒரு செயற்கை மொழியே உருவாக்கினார், அது ஒன்று. அதைவிட நமக்கு நெருக்கமானது இன்னொன்று: அமரசிம்மரின் 'அமரகோசம்'. கோல்புரூக் அதை ஆங்கில விளக்கத்தோடு 1808-இல் வங்காளத்தின் செராம்பூரில் அச்சிட்டிருந்தார். ரோஜே அதைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, அதன் வகைப்பாடு மிகவும் குறைபாடுள்ளது, குழப்பமானது, அதிலும் அருவமான கருத்துகளையும் மனதின் செயல்களையும் பற்றிய இடங்களில் மிக மோசம் என்று தீர்ப்புச் சொல்கிறார்.

இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அமரகோசத்தின் முதல் காண்டத்திலேயே அறிவுக்கென்று ஒரு தனி வருக்கம் இருக்கிறது; 'தீ வர்க்கம்' என்பது அதன் பெயர். புத்தி, பிரக்ஞை போன்ற சொற்கள் அங்கே செய்யுளாகக் கோக்கப்பட்டுள்ளன. செய்யுளாக என்பதுதான் முக்கியம். அந்த நூல் புரட்டித் தேடுவதற்கு எழுதப்படவில்லை. நெட்டுருப் போடுவதற்கு எழுதப்பட்டது. மாணவன் சொல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை. பாட்டைச் சொன்னால் சொல் தானே வந்து வாயில் நிற்கும். நம் நிகண்டுகளும் அப்படித்தான். சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்தது. தெய்வப் பெயர்த் தொகுதியில் தொடங்கி மக்கள், விலங்கு, மரம், இடம் என்று போய், பண்பு பற்றிய பெயர், செயல் பற்றிய பெயர், ஒலி பற்றிய பெயர் என்று அருவத்துக்குள் நுழைகிறது. பிங்கலந்தை பத்து வகையாகப் பிரித்துக்கொண்டு வானத்திலிருந்து தொடங்குகிறது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு விருத்தத்தில் இருப்பதால் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் அதைத்தான் மனப்பாடம் செய்தார்கள். நம்மவர்கள் தெய்வத்தில் தொடங்கினார்கள், ரோஜே கோயிலில் முடித்தார். எந்த ஒழுங்கும் உலகத்தை எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. கண்ணுக்காகச் செய்த ஒன்றின் அளவுகோலை வைத்து, காதுக்காகச் செய்த ஒன்றை அவர் அளந்துவிட்டார்.

புத்தகம் ரோஜே எதிர்பாராத வேகத்தில் விற்றது. 1869 செப்டம்பரில் 90 வயதில் அவர் இறந்தபோது அது 28 முறை அச்சேறியிருந்தது. ஆனால் வாங்கியவர்கள் அதை அவர் நினைத்தபடி பயன்படுத்தவில்லை. எண்ணத்திலிருந்து சொல்லுக்குப் போவதுதான் அவர் போட்ட பாதை. 'எனக்குத் தோன்றுவது உறுதியும் இல்லை, வெறும் ஐயமும் இல்லை; இது எந்த வகுப்பு?' என்று கேட்டு, வகுப்புக்குள் போய், தலைப்பைப் பிடித்து, சொல்லை எடுக்க வேண்டும். மக்கள் பின்பக்கத்தைத் திறந்தார்கள். அங்கே அகரவரிசைக் குறிப்பட்டவணை இருந்தது. தெரிந்த ஒரு சொல்லைத் தேடி, எண்ணைப் பிடித்து, அதே மாதிரி இன்னொரு சொல்லை எடுத்துக்கொண்டு மூடிவிட்டார்கள். தந்தைக்குப் பின் பதிப்பாசிரியரான மகன் ஜான் லூயிஸ் ரோஜே 1879 பதிப்பில் அந்த அட்டவணையைப் பெரிதாக வளர்த்தார். வாசகர்கள் எந்த வழியில் நுழைகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குப் பின் அவர் மகன் சாமுவேல் ரோமிலி ரோஜே. ஒரு நூற்றாண்டு காலம் அது குடும்பச் சொத்தாகவே இருந்தது.

அமெரிக்காவுக்கு அது 1854-இலேயே போய்விட்டது. பாஸ்டனில் அதைப் பதிப்பித்த பார்னஸ் சியர்ஸ் நாகரிகமற்றவை என்று தனக்குத் தோன்றிய சொற்களையும் தொடர்களையும் நீக்கிவிட்டார். எதிர்ப்பு வரவே, அடுத்த பதிப்பில் பின்னிணைப்பாகச் சேர்த்தார். பிறகு வந்த குறுக்கெழுத்துப் புதிர் மோகம் புத்தகத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. ஜே. எம். பாரியின் 'பீட்டர் பான்' நாடகத்தில் கடற்கொள்ளைக்காரன் ஹூக்கின் அறையில்கூட ஒரு பிரதி இருக்கிறது.

514-க்கு உண்மையான ஆபத்து 1931-இல் வந்தது. ரோஜேயின் சொற்களை அகராதி முறையில் அடுக்கிய ஒரு பதிப்பை அமெரிக்காவில் சில்வெஸ்டர் மாசன் கொண்டுவந்தார். பயன்படுத்த எளிது, அதனால் அந்த முறை பரவியது. இப்போது கோட்பாடு என்ற சொல்லைத் தேடினால் அது அதன் எழுத்தில் கிடைக்கும், பக்கத்தில் பத்துச் சொற்கள் இருக்கும், அவ்வளவுதான். அது சான்றுக்கும் தர்க்கத்துக்கும் பின்னால் வருகிறது என்பதோ கற்பனைக்கு அருகில் இருக்கிறது என்பதோ எங்கும் தெரியாது. இன்று கணினியில் ஒரு சொல்லின் மேல் சொடுக்கினால் இறங்கும் பட்டியல் அந்த முறையின் வாரிசு.

2001-இல் சைமன் வின்செஸ்டர் 'அட்லாண்டிக்' இதழில் ரோஜேயைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். சொற்களுக்கு அர்த்தம் தராமல் குவித்துவைத்து, யோசிக்காமல் எழுதும் பழக்கத்தை அந்தப் புத்தகம் வளர்த்துவிட்டது என்பது குற்றச்சாட்டு. அர்த்தம் தரவில்லை என்பது உண்மை. ஒரே தலைப்பில் இருப்பதால் ஊகமும் கோட்பாடும் ஒன்று என்று நினைத்து மாற்றிப் போடும் மாணவன் கெட்டுத்தான் போவான். ஆனால் அது அட்டவணை வழியாக மட்டும் நுழைந்தவனுக்கு வரும் கேடு. முன்பக்கத்திலிருந்து நுழைந்து, 467-இல் சான்றையும் 474-இல் உறுதியையும் 484-இல் நம்பிக்கையையும் கடந்து 514-க்கு வந்து சேர்பவனுக்கு அந்தச் சொற்கள் ஒன்றாகத் தெரியாது. ஒவ்வொன்றும் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது வழியிலேயே தெரிந்திருக்கும்.

இந்த வரிசையின் அருமையை முதலில் முழுதாக உணர்ந்தவர்கள், நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது, எழுத்தாளர்கள் இல்லை, கணினி ஆய்வாளர்கள். 1950-களில் கேம்பிரிட்ஜில் மார்கரெட் மாஸ்டர்மன் தலைமையில் ஒரு சிறு குழு இயந்திர மொழிபெயர்ப்பில் இறங்கியது. அவர் விட்கென்ஸ்டைனிடம் பாடம் கேட்டவர். ஒரு சொல்லுக்குப் பத்து அர்த்தம் இருக்கும்போது இயந்திரம் எதை எடுப்பது? மாஸ்டர்மன் ரோஜேயின் தலைப்புகளைத் துளையிட்ட அட்டைகளில் ஏற்றினார். வாக்கியத்திலுள்ள ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தத் தலைப்புகளில் வருகிறது என்று பார்ப்பது. பல சொற்களுக்குப் பொதுவாக வரும் தலைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுவது. உழவன் என்ற சொல்லும் நிலம் என்ற சொல்லும் கலப்பை என்ற சொல்லும் ஒரே தலைப்பைக் காட்டினால் அந்த வாக்கியம் எதைப் பற்றியது என்று இயந்திரத்துக்கும் தெரிந்துவிடும். இதைச் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது, வர்ஜில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உழவைப் பாடிய லத்தீன் வரி ஒன்று.

அந்தக் குழுவில் வந்து சேர்ந்தவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். 1964-இல் அவர் முடித்த முனைவர் ஆய்வேடு ஒருபொருட்பன்மொழியையும் சொற்பொருள் வகைப்பாட்டையும் பற்றியது. சொற்களை ரோஜே கையால் வகுத்தார். கணினியே சொற்களின் பயன்பாட்டைப் பார்த்து வகுக்க முடியுமா என்பது அவர் கேள்வி. அங்கிருந்து நகர்ந்து 1972-இல் வேறொரு கட்டுரை எழுதினார். ஆவணக் குவியலில் ஒரு சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறது என்று பார். எல்லாவற்றிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, சிலவற்றில் மட்டும் வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். தேடுபொறிகள் நெடுங்காலம் இந்த அடிப்படையில்தான் நமக்கு வேண்டியதை முன்னால் கொண்டுவந்தன.

கிளாஸ்கோவில் வேறு ஒரு பயணம். அங்கே மைக்கேல் சாமுவேல்ஸ் 1965-இல் ஒரு பெரிய வேலையை அறிவித்தார்: ஆக்ஸ்போர்டு அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் அதன் அர்த்தங்களையும் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி, எந்தக் காலத்தில் எந்தக் கருத்துக்கு என்னென்ன சொற்கள் இருந்தன என்று அடுக்குவது. 1978-இல் அவர்கள் இருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. சீட்டுகள் இரும்பு அலமாரிகளில் இருந்ததால் பிழைத்தன. 44 ஆண்டு உழைப்புக்குப் பின், 2009-இல், ஏறத்தாழ எட்டு லட்சம் அர்த்தங்களோடு இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தது. தொடக்கத்தில் ரோஜேயின் வகுப்புகளையே வைத்து அடுக்கிப் பார்த்தார்கள். போதவில்லை. ஒரு விக்டோரிய காலத்து மனிதரின் மனவரைபடத்தில் ஆயிரம் ஆண்டுச் சொற்களைப் பொருத்த முடியாது. புற உலகம், மன உலகம், சமூக உலகம் என்று மூன்றாகப் பிரித்துத் தாமே ஒரு வரிசையைக் கட்டிக்கொண்டார்கள்.

பிரிட்டனில் 1962-இல் ராபர்ட் டச் மூலப் புத்தகத்தைத் திருத்தியபோது ஆயிரம் தலைப்புகள் 990 ஆயின. நம்முடைய 514 அதில் 512 ஆனது. எண் மாறியது, அண்டை வீடு மாறவில்லை. 513 கற்பனைதான்.

தமிழில் இந்த வழியில் நடந்த பெரிய முயற்சி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 2001-இல் வெளியிட்ட ச. இராசேந்திரனின் 'தற்காலத் தமிழ்ச் சொற்களஞ்சியம்'. ரோஜேயின் ஆறு வகுப்புகளை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. யூஜின் நைடா வகுத்த முறையில் பொருள்கள், நிகழ்வுகள், பண்புகள், உறவுகள் என்று நான்காகப் பிரித்துத் தமிழ்ச் சொற்களை அடுக்கியிருக்கிறார். நிகண்டுகளுக்குப் பிறகு அகரவரிசைக்குள் ஒதுங்கிவிட்ட தமிழ்ச் சொற்கள் அதில் மறுபடி கருத்தின்படி கூடியிருக்கின்றன. எழுதுகிறவர்களும் மொழிபெயர்க்கிறவர்களும் அதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதைப் பற்றி நம் இதழ்களில் பேசியது மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

தமிழில் ஒரு 514-ஐ நானே அடுக்கிப் பார்த்தேன். அடியில் 'குத்துமதிப்பு'. 'குத்துமதிப்பா ஒரு ஐம்பது பேர் வந்திருப்பாங்க' என்பவரிடம் யாரும் சான்று கேட்பதில்லை. அதற்கு ஒரு படி மேலே 'உத்தேசம்'. அதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. பிறகு 'ஊகம்', ஒரு தடயமாவது கையில் இருக்க வேண்டும். 'எடுகோள்', வாதத்துக்காக ஒப்புக்கொண்டது. 'கருதுகோள்', சோதனைக்கு நிறுத்தப்போவது. உச்சியில் 'கோட்பாடு', சோதனைகளைத் தாங்கி நிற்பது. பரிணாமக் கோட்பாடு, சார்பியல் கோட்பாடு என்று சொல்லும்போது இந்தப் படிகள் மனதில் இருந்தால்தான் 'அது வெறும் தியரிதானே' என்று பேசுகிறவருக்குப் பதில் சொல்ல முடியும். அவர் உச்சியில் இருப்பதை எடுத்து அடிப்படியில் வைத்துப் பேசுகிறார். நம் பள்ளி அறிவியல் நூல்களில் கருதுகோளும் கோட்பாடும் சொற்பொருளாக வருகின்றன. இரண்டுக்கும் நடுவே எத்தனை ஆண்டு உழைப்பு கிடக்கிறது என்பது வருவதில்லை.

சிக்கல் தந்த சொற்களும் உண்டு. 'அனுமானம்' அவற்றில் முதன்மையானது. தர்க்க நூல்களில் அது அளவைகளில் ஒன்று. காட்சிக்கு அடுத்த இடம் அதற்கு. மலையில் புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று அறிவது அனுமானம். அதில் 'இருக்கலாம்' கிடையாது, 'உண்டு' என்பதுதான். மணிமேகலையில் அளவைவாதி பேசும் இடத்திலும் கருத்தளவை அறிவைத் தரும் வழியாகவே நிற்கிறது. ரோஜேயின் கணக்கில் அது 476, தர்க்கம். ஆனால் இன்றைய பேச்சில் 'என் அனுமானம் இது' என்றால் 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். 476-இல் பிறந்த சொல் 514-க்குக் குடிவந்துவிட்டது. இரண்டிலும் எழுதினேன்.

'சித்தாந்தம்', 'கொள்கை' இரண்டையும் 514-இல் வைக்க எனக்கு மனமில்லை. சித்தாந்தம் வாதித்து முடிந்த முடிபு, கொள்கை கைக்கொண்டது. இரண்டும் 484-இல் நம்பிக்கையோடு இருக்க வேண்டியவை. கொள்கைக்கும் கோட்பாட்டுக்கும் வேறுபாடு பார்க்காமல் நாம் எழுதுவதால்தான், அரசியல் மேடையில் கோட்பாடு என்ற சொல் சோதனைக்கே நிற்காத ஒன்றாக ஒலிக்கிறது.

கடைசியாக 'கணக்குப் போடுதல்'. 'அவன் மனசுல ஒரு கணக்குப் போட்டு வச்சிருக்கான்' என்று சொல்லும்போது அங்கே ஊகமும் இருக்கிறது, அடுத்து என்ன செய்வது என்ற ஏற்பாடும் இருக்கிறது. ரோஜேயிடம் அந்த ஏற்பாடு விருப்பாற்றல் வகுப்பில், 626-இல், 'திட்டம்' என்ற தலைப்பில் தனியாக இருக்கிறது. தமிழில் இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால் 514-இல் எழுதி, '626-ஐயும் காண்க' என்று குறித்து வைத்திருக்கிறேன்.